அளவு தப்பவில்லை, ஆள்தான் குறைந்தது

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கெரிமாக்கி என்ற ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழக்கு பின்லாந்தில், புருவேசி ஏரிக்கரையில் இருக்கிற ஊர். 2012 டிசம்பர் 31 வரை தனி ஊராட்சி. மறுநாள் காலை பக்கத்து சவோன்லின்னா நகரத்தின் ஒரு பகுதி. அங்கே மரத்தாலான பிரம்மாண்டமான லுத்தரன் தேவாலயம் ஒன்று நிற்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. நான் கட்டட வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்து, கிழக்குப் பக்கமே குடியேறிவிட்ட பொறியாளன். சரித்திரப் பேராசிரியர் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கே: வரைந்தவர் சென்டிமீட்டரில் வரைந்தாராம், கட்டியவர் அதை அங்குலம் என்று எடுத்துக்கொண்டாராம், அதனால்தான் அந்தத் தேவாலயம் அவ்வளவு பெரிதாகிவிட்டது என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே, நிஜமா?
– வாசகர், கும்பகோணம்

ப: இல்லை ஐயா. ஆனால் நல்ல கதை. இங்கே வருகிற சுற்றுலாப் பயணிகள் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டுப் போகிற கதை.

முதலில் காலத்தைப் பாருங்கள். கட்டுமானம் தொடங்கியது 1844, முடிந்தது 1847. பின்லாந்தில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1886இல். பழைய அளவுகள் முழுதாக ஒழிய 1892 ஆயிற்று. சென்டிமீட்டரில் வரைய அன்று யாருக்கும் அவசியமே இல்லை. வரைந்தவருக்கும் தச்சருக்கும் பொதுவாக இருந்தது ஸ்வீடன் ஆட்சிக் காலத்து முழம். ஒரு முழம் 59.4 செ.மீ., அதில் பாதி ஓர் அடி. ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ் வந்த பிறகும் அந்த முழக்கோலை யாரும் கீழே வைக்கவில்லை.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்டது. தேவாலயம் 45 மீட்டர் நீளம், 42 மீட்டர் அகலம். கதைப்படி 2.54 மடங்கு பெருத்துவிட்டது என்றால், உத்தேசித்த நீளம் 18 மீட்டர்கூட இல்லை. தரைப்பரப்பு ஆறில் ஒரு பங்குதான் வரும். உள்ளே இருக்கிற வெளியோ பதினாறில் ஒரு பங்கு. காட்டில் மரம் வெட்டும்போது, குளிர்காலத்தில் சறுக்குவண்டியில் இழுத்து வரும்போது, அடுக்கி வைக்கும்போது, ஒருவர்கூடவா "என்னப்பா, கணக்குக்கு மேலே போகிறதே" என்று கேட்டிருக்க மாட்டார்? அந்த மரம் அவரவர் தோப்பிலிருந்து வருவது. அந்தக் காலத்தில் தேவாலயம் கட்டுவது பங்கு மக்களின் பொறுப்பு; பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். இன்ன பண்ணை இவ்வளவு மரம், இவ்வளவு ஆள்நாள் என்று பிரித்து விதிப்பார்கள். தன் தலையில் விழுகிற வரியை எந்தக் குடியானவன் எண்ணாமல் விட்டான்?

இன்னொன்று. அளவு மொத்தமாகத் தப்பினால் எல்லாமே தப்ப வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படக் கூடாது, மேல்மாடக் கைப்பிடி தலைக்கு மேலே நிற்க வேண்டும், படி ஒவ்வொன்றும் முட்டிக்கு வர வேண்டும். அப்படி எதுவும் அங்கே இல்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சு சராசரி மனிதனுக்கு அளவெடுத்தது, முதுகுக்கு மட்டும் கொஞ்சம் கடுமை. பிரசங்கத்தில் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

வரைந்தவர் ஆண்டர்ஸ் ஃப்ரெட்ரிக் கிரான்ஸ்டெட். ஹெல்சிங்கியில் அரசாங்கக் கட்டட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஹெல்சிங்கியின் செனட் சதுக்கத்தை உருவாக்கிய கட்டடக் கலைஞர் எங்கல் தலைமை வகித்த அதே அலுவலகம். தேவாலய வரைபடம் என்றால் அங்கே போய்ச் சரிபார்க்கப்பட்டுத்தான் கிராமத்துக்கு வரும். கட்டியவர்கள் ஆக்ஸல் தோல்போவும் அவர் மகன் தியோடரும். தேவாலயம் கட்டுவதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கு அங்குலம் எது என்று தெரியாது என்கிறது அந்தக் காணொளி.

உண்மைக் காரணம் சப்பென்று இருக்கும். பங்கில் இருக்கிற ஜனத்தில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் உள்ளே வர வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். உட்கார 3,000 பேருக்கு மேல், நிற்பவர்களையும் சேர்த்தால் 5,000. பாதி என்றால் மொத்தம் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். "நாட்டுப்புறத்தான் தெரியாமல் கட்டிவிட்டான்" என்பதில் நகரத்துக்காரனுக்கு ஒரு சுகம் இருக்கிறது. அந்தக் கதை ஓடுவதற்கு அதைத் தவிர வேறு எரிபொருள் எனக்குத் தெரியவில்லை.

கே: உலகிலேயே பெரிய மரத் தேவாலயம் என்பது சரியா?
– வாசகி, நாகர்கோவில்

ப: எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அம்மா. உயரத்தில் இதைவிடப் பெரியவை உண்டு. போலந்தில் ஸ்விட்னிட்சா என்ற ஊரில் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய 'அமைதித் தேவாலயம்' 7,500 பேர் கொள்ளும் என்கிறார்கள். ஆனால் அது மரச்சட்டம் கட்டி இடைவெளியை மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தது. கெரிமாக்கி முழுக்க முழுக்க மரம். வெட்டி இழைத்த கட்டைகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் ஒன்றோடொன்று வெட்டிக் கோத்துப் பூட்டிய சுவர். அதனால் கெரிமாக்கிக்காரர்கள் பட்டத்தை விட்டுக்கொடுப்பதில்லை. நானும் அவர்கள் கட்சிதான்.

பட்டத்தைவிட எனக்குச் சுவாரசியம், கட்டிய விதம். கட்டையைக் கிடையாக அடுக்கும் சுவரை ஒரே நேர்கோட்டில் நீட்டிக்கொண்டே போக முடியாது. ஒரு மரத்தின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. இணைத்து இணைத்து நீட்டினால் நடுவில் தொந்தி தள்ளும். அதற்குப் பின்லாந்துத் தச்சர்கள் கண்ட வழி சிலுவை வடிவம். மூலை கூடக் கூட ஒவ்வொரு மூலையும் சுவரை இழுத்துப் பிடிக்கும். மரம் காயக் காயச் சுவர் உயரம் குறைந்து கீழே இறங்கும் என்பது இன்னொரு தலைவலி. ஜன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு வைக்காவிட்டால் சுவர் வந்து ஜன்னல்மேல் உட்கார்ந்துவிடும். நடுவே ஒரு குவிமாடத்தையும் தூக்கி நிறுத்தி, 37 மீட்டர் உயரத்துக்கு இதை மூன்று ஆண்டில் முடித்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட இங்கே டெண்டர் விடுவதற்கே அவ்வளவு காலம் ஆகிறது.

கே: குளிர்காலத்தில் அதில் ஆராதனை நடக்குமா?
– வாசகர், ஈரோடு

ப: அவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக்க முடியாது. குளிர்காலத்துக்கென்று சின்னதாக வேறோர் ஆலயம் பக்கத்தில் இருக்கிறது. பெரியது கோடைக்கு: ஆராதனை, கல்யாணம், இசைக் கச்சேரி.

கே: காடும் ஏரியுமாகச் சிதறிக் கிடந்த ஜனம், 5,000 பேர் ஒரே இடத்தில் ஏன் கூடினார்கள்? அவ்வளவு பக்தியா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: பக்தி உண்டு. அது மட்டும் இல்லை.

அன்றைக்குத் தேவாலயம்தான் தபால் நிலையம், செய்தித்தாள், நீதிமன்ற அறிவிப்புப் பலகை எல்லாம். ராஜாங்க உத்தரவு, வரி, ஏலம், காணாமல் போன மாடு, யாருக்கு யாரோடு கல்யாணம் நிச்சயம் எல்லாவற்றையும் பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து வாசிப்பார். போகாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்வீடன் ஆட்சியின் 1686ஆம் ஆண்டுத் தேவாலயச் சட்டம் இன்னொரு முடிச்சும் போட்டிருந்தது: ஞானோபதேசம் (சமய அடிப்படைப் பாடம்) தெரியாதவருக்கு நற்கருணை (ஆராதனையில் தருகிற அப்பமும் ரசமும்) கிடையாது, அது கிடைக்காதவருக்குக் கல்யாணம் கிடையாது. கல்யாணம் ஆக வேண்டுமென்றால் படி!

அதற்காகப் பாதிரியார் கிராமம் கிராமமாகப் போய்ப் பரீட்சை வைப்பார். முடிவு ஒரு பேரேட்டில் ஏறும். பங்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. பண்ணைக்காரர், மனைவி, பிள்ளைகள், கடைசியாக வேலைக்காரன், வேலைக்காரி. பெயருக்கு எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள். வாசிக்கத் தெரியுமா, ஞானோபதேசம் மனப்பாடமா, அர்த்தம் புரிந்ததா என்று கோடும் புள்ளியும் கொக்கியுமாக அடையாளம். தட்டுத் தடுமாறி வாசித்தவனுக்கு ஒரு கோடு. நன்றாக வாசித்தவளுக்கு அதன்மேல் இன்னும் இரண்டு. சில பெயர்களுக்கு ஓரத்தில் அம்மை வந்ததா என்ற குறிப்பு; ஊரை விட்டுப் போனவர் பெயர்மேல் ஒரு கோடு, எங்கே போனார் என்று ஒரு வார்த்தை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வேலைக்காரப் பெண் எவ்வளவு நன்றாக வாசித்தாள் என்பது வரை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பழைய பேரேடுகளைப் படமெடுத்து ஆவணக் காப்பகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஞானஸ்நானம், கல்யாணம், சாவுப் பதிவுகளுக்கு வம்சாவளிச் சங்கம் 'ஹிஸ்கி' என்று ஒரு தரவுத்தளமே வைத்திருக்கிறது. எனக்கு இங்கே மூதாதையர் யாரும் இல்லை. இருந்தும் ராத்திரி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

போக்குவரத்துக்கு ஏரிதான் சாலை. ஏரி நாட்டுப் பகுதிகளில் பல வீடுகள் சேர்ந்து ஒரு நீளப் படகு வைத்திருக்கும்; 'தேவாலயப் படகு' என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆணும் பெண்ணும் கலந்து துடுப்பு வலித்துப் போவார்கள். இளவட்டங்களுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அதே ஏரி உறைந்து நேர்ப்பாதையாகிவிடும், சறுக்குவண்டி ஓடும். பனி உருகியும் உருகாமலும் இருக்கிற வாரங்களில்தான் ஊர் அடைந்து கிடக்கும்.

ஜனம் ஏன் சிதறியது என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த சவோ வட்டாரத்தார் காட்டை வெட்டி, காயவிட்டு, கொளுத்தி, அந்தச் சாம்பலில் கம்பு ரகத்தைச் சேராத, குளிருக்குத் தாங்கும் ரை என்ற தானியத்தை விதைத்தவர்கள். சில வெள்ளாமைக்குப் பிறகு மண் சக்தி போய்விடும், அடுத்த காட்டுக்கு நகர வேண்டும். அதனால் நெருக்கமான கிராமம் உருவாகவில்லை. ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்குத் தெரியாத தூரம். அப்படி வாழ்ந்தவர்களுக்கு வாரம் ஒரு தடவை ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்ப்பது என்றால் எவ்வளவு பெரிய விஷயம்!

கே: ஊராட்சியைக் கலைத்தபோது ஜனங்கள் சும்மா இருந்தார்களா?
– வாசகர், திண்டுக்கல்

ப: முதலில் இங்கே ஊராட்சி என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பஞ்சாயத்தைவிட அதிகாரம் அதிகம். வருமான வரியில் ஒரு பங்கை அதுவே நிர்ணயித்து வசூலிக்கும். பள்ளிக்கூடம், நூலகம், குடிநீர், திட்ட அனுமதி எல்லாம் அதன் கையில். 2023 ஜனவரியில் மருத்துவமும் சமூகநலமும் மாவட்ட அளவிலான புது அமைப்புகளுக்குப் போகும் வரை ஆஸ்பத்திரிச் செலவும் அதன் தலையில்தான். ஐயாயிரத்துச் சொச்சம் பேர், அதிலும் வயதானவர்கள் அதிகம். வரி கட்டுகிறவன் குறைந்து வைத்தியம் வேண்டியவன் கூடினால் கணக்கு எங்கே நிற்கும்? நாடு முழுவதும் இதே கதை. 2009 ஆரம்பத்தில் ஒரே நாளில் ஊராட்சிகளின் எண்ணிக்கை 415இலிருந்து 348ஆகச் சரிந்தது. 2013இல் 320. கெரிமாக்கியோடு அதே நாளில் புங்காஹர்யுவும் சவோன்லின்னாவில் சேர்ந்தது; 2009இலேயே சவோன்ரந்தா சேர்ந்திருந்தது; அதற்கெல்லாம் முன்னால் 1973இல் சாமிங்கி.

வருத்தம் இருந்தது, இருக்கிறது. இங்கே யாரும் கொடி பிடித்துக் கத்துகிற ரகம் இல்லை. காபி குடிக்கும்போது ஒரு வரி வந்து விழும், அவ்வளவுதான். "முன்னே தெருவிளக்கு எரியலைன்னா யாரைக் கேட்கணும்னு தெரியும்" என்றார் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர். ஊராட்சி போனதில் உண்மையான இழப்பு அதுதான் என்பது என் எண்ணமும்.

ஆனால் ஊரே செத்துவிட்டது போல எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஊராட்சி என்பது இங்கே வயதில் இளையது. 1865இல் வந்த ஓர் அரசாணைதான் நாட்டுப்புறங்களில் தேவாலய நிர்வாகத்தையும் ஊர் நிர்வாகத்தையும் பிரித்தது. அதற்கு முன் எல்லாமே பங்குக் கூட்டத்தில் முடிவாகும். பங்கு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்னொன்றும் இருக்கிறது: ஏரித் தண்ணீரின் சொந்தக்காரர்கள். பின்லாந்தில் ஏரியின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை. கரையோரக் கிராமங்களின் நிலக்காரர்கள் கூட்டாகப் பங்கு வைத்திருப்பார்கள். யார், எங்கே, எந்த வலை போடலாம் என்பதை அந்தக் கூட்டு முடிவு செய்யும். சவோன்லின்னா வந்து ஊராட்சியை எடுத்துக்கொண்டது. இந்தக் கூட்டுகளைத் தொடவே இல்லை. பங்குதாரர் கூட்டம், கிராமச் சங்கம், ஊர்ப்பாரம்பரியச் சங்கம் எல்லாம் முன்பு போலவே காபியும் ரொட்டியுமாக நடக்கின்றன.

சரிவு தொடங்கியது 2013இல் இல்லை. 1969இல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது: நிலத்தைப் பயிரிடாமல் போடு, அதற்குப் பணம் தருகிறேன். தானியம் மிதமிஞ்சிப் போயிற்று என்பது காரணம். கிழக்கில் சின்னப் பண்ணைக்காரர்கள் ஏராளமானோர் கையெழுத்துப் போட்டார்கள். அதே சமயம் ஸ்வீடன் கார்த் தொழிற்சாலைகள் ஆள் கேட்டன. 1969, 1970 இரண்டு ஆண்டில் மட்டும் பின்லாந்திலிருந்து ஸ்வீடனுக்குப் போனவர்கள் 80,000 பேருக்கு மேல். காட்டை எரித்து, கல் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக உண்டாக்கிய வயலில் பிர்ச் மரம் முளைத்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். "அன்று பாதி ஜனம் கொண்ட தேவாலயத்தில் இன்று முழு ஊரும் நுழைந்துவிடும்" என்று பலர் எழுதுகிறார்கள். கடைசி ஊராட்சி ஜனத்தொகையை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சரி. ஆனால் 1840களின் பங்கு, பின்னாளைய ஊராட்சியைவிடப் பரப்பில் பெரியது. ஒப்பிடும்போது அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கே: பனிக்கட்டிக்கு அடியில் கரைவலை இழுக்கிறார்கள் என்று எழுதினீர்கள். நாங்கள் பரம்பரையாகக் கரைவலை இழுப்பவர்கள். படகே இல்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் எப்படி வளைக்க முடியும்? விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

ப: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன் அண்ணாச்சி.

வலை உங்களுக்குத் தெரிந்த வலைதான்: நடுவில் பை போன்ற மடி, இரண்டு பக்கமும் நீளக் கை, கையின் நுனியில் கயிறு. நீங்கள் படகில் போய் வளைத்து வந்து கரையில் நின்று இழுக்கிறீர்கள். இங்கே கரைக்குப் பதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று வலையை இறக்க, பெரியது. மற்றொன்று, வெகு தூரம் தள்ளி, வலையை ஏற்ற.

இறக்கும் ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் வில் போல வளைந்து சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டுக்கொண்டே போவார்கள். பழைய முறையில், நீண்ட மரக்கழி ஒன்றின் வாலில் கயிற்றைக் கட்டி, கழியை ஓட்டை வழியாகப் பனிக்கு அடியில் விடுவார்கள். கழி மிதந்து பனியின் அடிவயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த ஓட்டையில் நிற்கிறவர் கவைக் கம்பை உள்ளே விட்டு, கழியைத் துழாவிப் பிடித்து, அதற்கடுத்த ஓட்டையை நோக்கித் தள்ளுவார். அப்படியே கை மாறி மாறிக் கயிறு ஏற்றும் ஓட்டைக்கு வந்து சேரும். மறுபக்கமும் இதே வேலை. பிறகு இரண்டு கயிற்றையும் ஒரே சமயத்தில் இழுத்தால் வலை விரிந்து, மீனை வளைத்துக்கொண்டு பனிக்கு அடியிலேயே நகர்ந்து வரும். முன்பு குதிரையும் மனிதனும் சுற்றிய இழுவை உருளை, இன்று இயந்திரம். கழிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் எந்த இடத்தில் இறக்குவது என்பதற்கு இயந்திரம் இல்லை.

அந்த இடத்துக்கு 'அபயா' என்பார்கள். அடியில் பாறை கிடந்தால் வலை கிழியும், பள்ளம் இருந்தால் மீன் மடிக்குக் கீழே நழுவும். எனவே அடி வழவழப்பான பாடுகளை, அதாவது வலை போடும் இடங்களை, தலைமுறையாக அறிந்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, கரையில் இருக்கிற மலைமுகடு, தீவு முனை இவற்றைக் கோடு பிடித்து நினைவில் வைத்திருக்கிறார்கள். நீங்களும் கரையில் அடையாளம் பார்த்துக் கோடு பிடிக்கிறவர்கள்தானே.

நான் பார்க்கப் போனது வெயில் அடித்தும் மூச்சு உறைந்த ஒரு நாள். பேச்சே கிடையாது. இயந்திரம் நின்று நின்று ஓடும் சத்தம். ஈரக் கயிறு வெளியே வந்த மாத்திரத்தில் வெள்ளையாகி விறைத்துக்கொள்ளும். கை வந்தது, அதில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் மடி தண்ணீருக்கு மேலே வந்தபோது கருப்பு ஓட்டைக்குள் வெள்ளி கொதித்தது. அகப்பை போன்ற வலையால் அள்ளிப் பெட்டியில் கொட்டினார்கள். பனிமேல் சிதறிய மீன் இரண்டு துள்ளுத் துள்ளி அப்படியே கல்லாகிவிட்டது. குழுவில் மூத்தவர் ஒரு மீனை எடுத்து முதுகை விரலால் தடவிப் பார்த்தார், தலையாட்டினார், வலை போடும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மீனின் பெயர் முய்க்கு. நெத்தலிக்குப் பெரியண்ணன் அளவு. புருவேசித் தண்ணீர் கண்ணாடி மாதிரி; அந்தத் தெளிவில் வளர்ந்த மீனுக்குப் பளிச்சென்ற வெள்ளி நிறமும் இளக்கமான முள்ளும் உண்டு என்கிறார்கள். 'புருவேசி முய்க்கு' என்ற பெயருக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. ஊராட்சி என்ற பெயரை இழந்த அதே ஆண்டில் மீனுக்குப் பெயர் பதிவாயிற்று.

இப்போதைய கவலை பனிதான். வலைக்குழு, வண்டி, இயந்திரம் எல்லாம் இறங்க வேண்டுமானால் ஏரி கனமாக உறைய வேண்டும். அது வர வரத் தாமதமாகிறது, உருகுவதோ சீக்கிரமாகிறது. நடுவே கிடைக்கிற வாரங்கள் சுருங்குகின்றன.

கே: அந்த மீனை எப்படிச் சாப்பிடுவார்கள்?
– வாசகி, சிவகாசி

ப: குடலை எடுத்துவிட்டு, உப்புக் கலந்த ரை மாவில் புரட்டி, வெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிப்பார்கள். முள்ளோடு சாப்பிடலாம். இலையுதிர் காலத்தில் கிடைக்கிற சினை தனிப் பண்டம். புளித்த பாலேடும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் சேர்த்துத் தருவார்கள். வீட்டில் நான் மிளகாய்த்தூள் சேர்ப்பேன். பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு தட்டு கேட்டு வாங்கிப் போனார்கள்.

கே: ஸ்வீடன், ரஷ்யா என்று மாறி மாறி வருகிறதே. கெரிமாக்கி எந்த நாட்டில்தான் இருந்தது?
– மாணவர், மதுரை

ப: நல்ல கேள்வி தம்பி. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, எல்லைக்கோடுதான் நடந்துகொண்டே இருந்தது.

1475இல் எரிக் ஆக்ஸெல்சன் டொட் என்பவர் ஸ்வீடனின் கிழக்கு எல்லையைக் காக்க ஒலாவின்லின்னா கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். சவோன்லின்னா அந்தக் கோட்டையை ஒட்டி வளர்ந்த நகரம். 1743இல் துர்க்கு உடன்படிக்கைப்படி கோட்டையும் அதன் சுற்றுவட்டாரமும் ரஷ்யாவுக்குப் போயின. பின்லாந்தின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை 1809இல்தான் ரஷ்யா எடுத்துக்கொண்டது. ஆக இந்த மக்கள் இரண்டு தலைமுறைக்கு மேலாக மற்ற பின்லாந்துக்காரர்களிடமிருந்து பிரிந்து இருந்தார்கள். 1812இல் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாண்டர் இந்தப் 'பழைய பின்லாந்தை' மறுபடி பின்லாந்து சமஸ்தானத்தோடு சேர்த்தார். தேவாலயம் எழும்பியது அப்படிச் சேர்ந்து முப்பது சொச்சம் ஆண்டுக்குப் பிறகு. 1860களில் பெரும் பஞ்சம். நாடு முழுவதும் ஜனத்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேர் மாண்டார்கள். 1917இல் விடுதலை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது எல்லை மறுபடி நகர்ந்து பக்கத்துப் பாரிக்கலா வரை வந்துவிட்டது. சவோன்லின்னாவிலிருந்து போன ரயில்பாதையின் மறுமுனையான எலிசென்வாரா சோவியத் பக்கம் விழுந்தது. தண்டவாளத்தைத் திருப்பிப் பாரிக்கலாவோடு இணைத்தார்கள். இன்றும் ரயில் அந்த வழிதான்.

கே: அந்த ஏரியில் சீல் இருக்கிறதாமே?
– மாணவி, கோயம்புத்தூர்

ப: இருக்கிறது பாப்பா. புருவேசியும் சேர்ந்த சைமா ஏரிக்கூட்டத்தில் மட்டுமே வாழும் இனம், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இப்போது ஏறக்குறைய ஐந்நூறு. பனிக்குவியலைக் குடைந்து அதற்குள் குட்டி போடும். பனி சரியாக விழாத ஆண்டுகளில் தொண்டர்கள் மண்வாரியால் பனியைக் குவித்துக் கொடுக்கிறார்கள். குட்டி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை அது வாழும் பகுதிகளில் செவுள்வலை போடத் தடை.

கே: அருங்காட்சியகம் ஏதாவது உண்டா?
– வாசகர், வேலூர்

ப: ஹுதெர்மா தீவுக்குப் போங்கள். ஹெய்க்கி ஹாய்ருனென் என்று ஒருவர், மனைவி லைனாவோடு அங்கே வாழ்ந்தவர். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'காயலான் ஹெய்க்கி'. மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் அவர் சேர்த்தார்: கருவி, பாத்திரம், பழைய மரக்கட்டடம்கூட. தேய்ந்துபோன திரிகைக் கற்களை அடுக்கித் தீவில் நினைவுச் சின்னங்கள் எழுப்பினார். ராஜாவுக்கோ தளபதிக்கோ அல்ல. இன்று அது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. வரிசைப்படுத்திச் சீட்டு ஒட்டிய அருங்காட்சியகம் பார்த்துப் பழகியவர்களுக்கு அலங்கோலமாகத் தோன்றலாம். எனக்குக் கெரிமாக்கியில் மிகப் பிடித்த இடம் அது, தேவாலயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கே: ஹெல்சிங்கிக்கு மகனைப் பார்க்க வருகிறோம். கெரிமாக்கிக்கு எப்படிப் போவது?
– வாசகி, சென்னை

ப: ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் பாரிக்கலா, அங்கே இறங்கிச் சவோன்லின்னாவுக்குச் சின்ன ரயில். அந்தக் கடைசித் துண்டில் புங்காஹர்யு மேட்டில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பைன் மரங்கள், ஜன்னலோரம் பிடித்துவிடுங்கள். சவோன்லின்னாவிலிருந்து கெரிமாக்கி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்து உண்டு, ஆனால் வாரக்கடைசியில் நம்பாதீர்கள். மகன் கார் ஓட்டுவார் என்றால் சிரமமில்லை. கோடையில் வாருங்கள், மற்ற மாதங்களில் தேவாலயக் கதவு பூட்டியிருக்கும். ஜூலையில் கோட்டைக்குள் ஓபரா (இசை நாடக) விழா நடப்பதால் சவோன்லின்னாவில் தங்குமிடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். சவோன்லின்னா படகுத்துறைச் சந்தையில் பொரித்த முய்க்கு காகிதத் தட்டில் கிடைக்கும். சைவம் என்றால் அதே சந்தையில் 'லோர்ட்ஸு' என்று அரைநிலா வடிவப் பொரியல் இருக்கிறது. ஆப்பிள் வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள், இறைச்சி வைத்ததும் அதே வடிவத்தில்தான் இருக்கும்.